பெயர் கூப்பிடும் பெட்டி

ஹல்மில்ல தோட்டம், கீழ்ப் பிரிவு,
ருவான்வெல்லை.
2024 மே 6

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அம்மா எலிக்காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. பெற்ற பிள்ளை பினாங்கில் இருந்துகொண்டு கொள்ளி போடக்கூட வரவில்லை என்று எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் பேசின. அன்றைக்கே உங்கள் நம்பரை என் போனில் மறித்துவிட்டேன். திறக்கவும் போவதில்லை. தினமும் விடிந்தால் உங்கள் குரலைத்தானே கேட்கிறேன், அது போதாதா?

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் இங்கே ஆபீஸில் வேலை பார்த்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் பெயரை உங்கள் குரலில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பதிந்து வைக்கிற பெட்டி. அது இன்னும் வேலை செய்கிறது. அதில் அம்மாவின் பெயரும் இன்னும் இருக்கிறது. தினமும் "ஜெயம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். கூப்பிட்டுவிட்டு எட்டு விநாடி காத்திருக்கிறீர்கள். அந்த எட்டு விநாடியும் களத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

சுப்பர்வைசர் சுதாகரன் நீங்கள் எழுதி வைத்த செய்முறைத் தாளைப் பார்த்து அந்தப் பெயரை மூன்று முறை அழித்தார். அழிந்தது என்றுதான் பெட்டி காட்டுகிறது. மறுநாள் மறுபடி கூப்பிடுகிறது.

அப்பா ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது. அம்மா போனதிலிருந்து அவரும் தினமும் களத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நிற்கிறார். போன செவ்வாய்க்கிழமை அந்த எட்டு விநாடிக்குள் யாரோ பதில் சொன்னார்கள். "இருக்கேன் தம்பி." மற்றவர்கள் எல்லாம் "இருக்கேங்க" என்பார்கள். உங்கள் குரல் என்பதால், வீட்டில் உங்களை அழைப்பது போலப் பெட்டியைப் போய்த் தம்பி என்று சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தது அம்மா ஒருத்திதான்.

செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிற வழியில் நின்றுவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா. அது மெய்யோ பொய்யோ, சத்தம் வந்த பக்கம் அப்பா பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். பெயரை எடுக்க வழி சொல்லுங்கள்.

ஷாமிளா


பினாங்கு
2024 மே 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

திட்டினாலும் எழுதினாயே. வராததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. நான் இங்கே செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். நான் வேலை செய்யும் முக்தார் அண்ணனின் கடைக்கு உடைந்த போன், தண்ணீரில் விழுந்த போன் எல்லாம் வரும். உள்ளே இருக்கும் மெமரி சிப்பைக் கழற்றி, மிஞ்சியிருக்கும் படங்களையும் குரல்களையும் நான் படித்து எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்தச் சிப்பை நம் மலையில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் சிரட்டை போல நினைத்துக்கொள். கோடிக்கணக்கான சிரட்டைகள். சிலவற்றில் பால், சிலவற்றில் இல்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்ற வரிசைதான் குரல். கரண்ட் நின்றாலும் பால் அப்படியே இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஒரு சிரட்டையை மட்டும் தனியாகக் கொட்ட முடியாது. கொட்டினால் ஒரு பாத்தி முழுவதையும் சேர்த்துத்தான் கொட்ட வேண்டும். அதனால் ஒரு பெயரை 'அழி' என்று சொன்னால் பெட்டி எதையும் அழிப்பதில்லை. அந்தப் பெயர் இல்லாத புதிய பட்டியலை வேறோர் இடத்தில் எழுதி, இனி இதைப் பார் என்று குறித்துக்கொள்ளும். குறிப்பதற்குள் கரண்டை நிறுத்தினால் பழைய பட்டியலுக்கே போய்விடும். சுதாகரன் அவசரக்காரர், அழித்த கையோடு வயரைப் பிடுங்கியிருப்பார். சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருக்கச் சொல்.

பதில் வந்தது என்கிறாய். பெட்டி பழைய பதில்களையும் வைத்திருக்கிறது. குழம்பிப்போய் அதில் ஒன்றைப் போட்டிருக்கும். சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதானே வந்தது? அதை மட்டும் பார்த்து எழுது.

அப்பா சாப்பிடுகிறாரா?

அண்ணன் யோகராஜ்


ஹல்மில்ல தோட்டம்
2024 ஜூன் 3

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். விளக்கு அணையும்வரை நானே பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் பெட்டி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. அம்மாவின் இடம் வந்ததும் பெயர் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அடுத்த பெயரும் வரவில்லை. பெட்டி சும்மா காத்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் பதில் வந்தது. "இருக்கேன் தம்பி."

ஸ்பீக்கரிலிருந்து இல்லை அண்ணா. ஸ்பீக்கர் எங்களுக்கு முன்னால் கம்பத்தில் இருக்கிறது. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து, நாலாம் நம்பர் மலைக்கு ஏறுகிற பாதையிலிருந்து வந்தது. சுதாகரன் "பவ் தமாய்", பாவம்தான், என்று சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டு ஆபீஸுக்குள் போனவர் வெளியே வரவில்லை. அப்பா அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "விடு புள்ள, அவ தனியா நிக்கிறா" என்றார்.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதுகிறேன். நாலாம் நம்பரில் அம்மா வெட்டிய மரங்களை இன்னும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. சிரட்டைகளையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தோம். சனிக்கிழமை விறகுக்குப் போனபோது பார்த்தேன். எல்லாம் நிமிர்ந்திருந்தன, எல்லாவற்றிலும் பால். வெட்டு அன்றைக்குப் போட்டது. அம்மா வெட்டுகிற மாதிரியே ஓரத்தில் கொஞ்சம் ஆழமாக இருந்தது. நான் விறகை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பாத்தி முழுவதையும் கொட்டலாம் என்று எழுதினீர்களே. அதைச் செய்யச் சொல்லிக் கொடுங்கள். எல்லாப் பெயரும் போனாலும் பரவாயில்லை. அப்பா இருந்தால் போதும்.

ஏன் வரவில்லை என்று இந்த முறையும் எழுதவில்லை என்றால் இனி எழுதவே வேண்டாம்.

ஷாமிளா


பினாங்கு
2024 ஜூன் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

என் விசா முடிந்து இரண்டு வருஷமாகிறது. ஏஜென்ட் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனான், ஆளைக் காணவில்லை. வெளியே தெரிந்தால் பிடித்து கேம்பில் போடுவார்கள். அம்மா செத்த அன்று கடையின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். அண்ணன் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

முழுவதையும் அழிப்பது பெரிய வேலை இல்லை. பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பொத்தான் இருக்கிறது, பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் எல்லாச் சிரட்டையும் ஒரே இழுப்பில் காலியாகிவிடும். காலி என்றால் எல்லாம் சைபராகும் என்று நினைப்பாய். அழித்த சிப்பைப் படித்தால் ஒன்று, ஒன்று, ஒன்று என்றுதான் வரும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

ஆனால் பொத்தானை அமுக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பதில் மனிதச் சத்தம் என்றால் பெட்டியின் மைக் அதைப் பதிந்திருக்கும். அம்மா சாகும்போது அவள் குரலை நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற அஜந்தன் என் அறையில் இருப்பவன், லீவுக்கு ஊர் வருகிறான், ஜூலை தொடக்கத்தில் திரும்புவான். சிப் இருக்கும் சின்னப் பலகையைக் கழற்றி அவனிடம் கொடு. கேட்டுவிட்டு நானே அழித்துவிடுகிறேன்.

யோகராஜ்


ஹல்மில்ல தோட்டம்
2024 ஜூலை 2

அண்ணா,

கடிதத்தைப் படித்து அழுதேன். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். கடைசி நாலு நாளும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டே படுத்திருந்தாள்.

பலகையை அஜந்தனிடம் கொடுத்துவிட்டேன். கழற்றும்போது சுடச்சுட இருந்தது. வயரைப் பிடுங்கி இரண்டு நாளாகியிருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

ஷாமிளா


ஹல்மில்ல தோட்டம்
2024 ஜூலை 9

அண்ணா,

இப்போது சுதாகரன் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார். பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டும் பதில் சொல்கிறார்கள். சனம் பழையபடி வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்துப் பேசுகிறது. நாலாம் நம்பரில் சிரட்டைகள் கவிழ்த்தபடியே இருக்கின்றன.

அப்பாதான் சரியில்லை. முதல் நாள் களத்தில் நின்று கேட்டுவிட்டு, "எங்க, தம்பி சத்தத்தக் காணோம்?" என்றார். பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இத்தனை நாளும் அவர் அம்மாவைக் கேட்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் உங்களைக் கேட்கத்தான் போயிருக்கிறார். "அவன் கூப்புட்டாத்தானே அவ வருவா. இப்ப ரெண்டு பேரையும் அனுப்பிட்டியே புள்ள" என்றார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

வீம்பையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் நம்பரைத் திறந்தேன். நேற்று நீங்கள் போனில் அவ்வளவு கூப்பிட்டும் அவர் காதைக் கொடுக்கவில்லை, கேட்டீர்கள்தானே? "போன்ல எவனும் பேசலாம். தம்பி கூப்புட்டா களத்துலதான் கூப்புடுவான்" என்று போனைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கும் போனில் பேச வாய் வரவில்லை. எழுதுவதுதான் வருகிறது.

வேலையை முடித்துப் பலகையை அனுப்பி வையுங்கள். பேய் வந்தாலும் வரட்டும், அவர் சாப்பிடட்டும்.

ஷாமிளா


பினாங்கு
2024 ஜூலை 20

தங்கச்சி,

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சிப்பில் அம்மாவின் பதில்கள் எல்லாம் தேதியோடு இருந்தன. அவள் செத்த மறுநாளிலிருந்து வயரைப் பிடுங்கிய நாள் வரை, வேலை நாளுக்கு ஒன்றாக, நூற்றுப் பன்னிரண்டு. பழையதைத்தான் பெட்டி திரும்பப் பிரதி எடுத்திருக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பழையதோடு ஒத்துப்போகவில்லை. முதல் மாதம் வெறும் மூச்சுதான், உங்கள் யார் காதிலும் விழுந்திருக்காது. பிறகு, அதுவும் உங்களுக்குக் கேட்காத மெல்லிய குரலில், "இருக்கேன்." பிறகு "இருக்கேன் தம்பி." கடைசி நாளில் அதற்கு மேலும் ஏதோ சொல்கிறாள். அந்த இடம் மட்டும் சிதைந்திருந்தது.

பழைய சிப்பில் பால் மெல்லக் கசிந்துவிடும். அரைச் சிரட்டையை நிரம்பியதாகக் கணக்கிடுவதா, காலியாகக் கணக்கிடுவதா என்று அளவுகோலை இறக்கி இறக்கி மறுபடி மறுபடி படிக்க வேண்டும். ஆயிரம் முறை படித்தால் கொஞ்சம் தெளியும். ஜூலை 16, 17, 18 மூன்று நாளும் மெஷினை நிறுத்தாமல் ஓட விட்டேன். தெளிந்தது. "இருக்கேன் தம்பி. அப்பாவ நீ கூப்புடு." அதுதான் அம்மா சொன்னது.

இந்த வேலையில் யாரும் மறக்கக் கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். ஒரு சிரட்டையைப் படிக்க அதன் பாத்தி முழுவதையும் அசைக்க வேண்டும். அசைக்கிற ஒவ்வொரு முறையும் பக்கத்துச் சிரட்டைகளில் ஒரு சொட்டு ஏறும். ஒன்றிரண்டு தடவைக்கு ஒன்றும் ஆகாது. நான் லட்சக்கணக்கில் அசைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது அப்பா. புருஷன் பெண்டாட்டி என்று ஜெயம்மா, செல்லையா இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டது நான்தானே. அவர் ஓய்வு பெற்றபோது பெயரைத்தான் நீக்கினார்கள், அவர் சொன்ன பதில்கள் அதே பாத்தியில் அப்படியே கிடந்தன. இப்போது பார்க்கிறேன், எல்லாம் வெறும் இரைச்சல். நாலு வருஷப் பதில்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது.

சிப் வேறு, மனிதர் வேறு. எனக்குத் தெரியும். ஆனாலும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 16ஆம் தேதியிலிருந்து அப்பா எப்படி இருக்கிறார்? போனில் கேட்கப் பயமாக இருக்கிறது. எழுது.

யோகராஜ்


ஹல்மில்ல தோட்டம்
2024 ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

16ஆம் தேதி காலை அப்பாவுக்குக் குரல் கம்மியது. சளி என்று கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். 17ஆம் தேதி பாதிப் பாதியாகப் பேசினார், என் பெயரைத் தொடங்கிவிட்டு முடிக்கவில்லை. 18ஆம் தேதி மாலையிலிருந்து வாயைத் திறக்கிறார், சத்தம் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, தொண்டையிலும் மூளையிலும் ஒன்றும் இல்லை, மனக் கவலை என்றார்கள்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தேதிகளைப் பார்த்ததும் அடுப்பில் கஞ்சி இருந்ததை மறந்துவிட்டேன், அடிப்பிடித்துவிட்டது.

உங்களைத் திட்ட எனக்கு இப்போது தெம்பில்லை. மிஞ்சிய அந்த ஒன்றைத் தொடாதீர்கள். படிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம், யாரையும் தொட விடவும் வேண்டாம். சும்மா வைத்தால் எத்தனை நாள் இருக்கும்? அதை மட்டும் எனக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஷாமிளா


பினாங்கு
2024 ஆகஸ்ட் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒளிக்காமல் சொல்கிறேன். புதிய சிப் என்றால் பத்து வருஷம் தாங்கும். இது தேய்ந்தது, சூட்டில் கிடந்தது. சில மாதம், அவ்வளவுதான். கசிகிறதைத் தடுக்க ஒரே வழி, போகிறதுக்குள் புதிதாக எழுதிவிடுவது. அதற்கு இதைப் படிக்க வேண்டும், படித்தால் இதுவும் போய்விடும். அப்பா புதிதாக ஒரு பதில் சொன்னால்தான் உண்டு. நான் கூப்பிட்டால்தான் அவர் சொல்வார்.

அம்மா சொன்னதைச் செய்யப் போகிறேன். நாளைக் காலை நானே போய்க் குடிவரவு ஆபீஸில் சரணடைகிறேன். அபராதம் கட்டினால் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முக்தார் அண்ணன் எல்லாம் விசாரித்துவிட்டார், 22ஆம் தேதி விமானம். 23 காலை களத்தில் இருப்பேன். பலகையைப் பனியனுக்குள் தைத்துக்கொண்டேன். தொட்டால் இன்னும் சுடுகிறது.

விமானம் ஏறும்வரை கேம்பில் வைத்திருப்பார்கள், உள்ளே போனில் பேச முடியாது. அவசரம் என்றால் கடை முகவரிக்கு எழுது, முக்தார் அண்ணன் சேர்ப்பிப்பார். அப்பாவிடம் சொல், தம்பி பெட்டி இல்லாமலே கூப்பிட வருகிறான் என்று.

யோகராஜ்


ஹல்மில்ல தோட்டம்
2024 ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணா,

23ஆம் தேதி காலை அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் களத்துக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் வரவில்லை. விமானத்தில் உங்கள் பெயர் இல்லை என்கிறார்கள். கேம்பில் கேட்டால் 21ஆம் தேதியே அனுப்பிவிட்டோம் என்கிறார்களாம். முக்தார் அண்ணன் தினமும் போய்க் கேட்டுவிட்டு வந்து என்னிடம் போனில் அழுகிறார்.

24ஆம் தேதி காலை சுதாகரன் கடைசிப் பெயரைக் கூப்பிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆட்கள் வாளியைத் தூக்கிவிட்டார்கள். அப்போது நாலாம் நம்பர் மலைப் பாதையிலிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள். "செல்லையா." பெட்டியில் பதிந்து வைத்த அதே குரல், கடைசியில் கொஞ்சம் இழுப்பீர்களே, அந்த இழுப்போடு. பெட்டி ஆபீஸில் பூட்டிக் கிடக்கிறது, பலகை உங்களிடம் இருக்கிறது. களத்தில் நாற்பது பேர் கேட்டோம். சுதாகரனும் இரண்டு பேரும் பாதையில் ஓடிப் பார்த்தார்கள், யாரும் இல்லை. நாலாம் நம்பரில் சிரட்டைகள் எல்லாம் நிமிர்ந்திருந்தனவாம்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அம்மா போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து சத்தம் புறப்பட்டது. "இரு..." என்று தொடங்கினார். பதில் சொன்னால் அந்தக் குரலோடு போய்விடுவார் என்று பயந்து, நான் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன். எட்டு விநாடி பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு அவர் தொண்டைச் சத்தம் அடங்கிவிட்டது, குழந்தை மாதிரி அழுதார்.

அதிலிருந்து ஒரு நாள் தவறாமல் கூப்பிடுகிறீர்கள். இன்றோடு ஐந்து காலை. அவரை வீட்டில் பூட்டி வைத்தும் பார்த்தேன், வீட்டு வாசலுக்கே சத்தம் வருகிறது.

இது உங்கள் உயிருள்ள குரல் என்றால் நான் செய்வது பாவம். அம்மா சொன்னது நடக்கட்டும், அவர் பதில் சொல்லிப் பேசட்டும், கையை எடுத்துவிடுகிறேன். இல்லை, நீங்களும் அம்மா நிற்கிற இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்றால், அவரை எனக்கு விட்டுவிடுங்கள். கூப்பிடாதீர்கள். எது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா. எங்காவது ஒரு கேம்பில் இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

சீக்கிரம் எழுதுங்கள். இன்று காலை அப்பா என் உள்ளங்கையைக் கடித்துவிட்டார், அப்படியும் நான் கையை எடுக்கவில்லை.

உங்கள் தங்கச்சி
ஷாமிளா